பொம்மைத் தொலைபேசியும் அதன் மறுமுனையும்

1

‘கல்வி தரும் விளையாட்டுச் சாமான்’ என்ற பிரயோகத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். விளையாட்டு தன்னளவில் எதையும் கற்றுத் தருவதில்லை, ஆகவே கல்வியை அதோடு தனியாகச் சேர்த்து விற்க வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வாங்குகிற தகப்பனுக்குச் சொல்லப்படும் சமாதானம் அது; காசு வீணாகவில்லை என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். இந்த வகைச் சாமான்களில் நெடுநாளாக என்னை யோசிக்க வைத்துக்கொண்டிருப்பது பொம்மைத் தொலைபேசி. அடுக்குக் கட்டைகள் அளவைப் பழக்குகின்றன. எழுத்துப் பலகை எழுத்தைப் பழக்குகிறது. பொம்மைத் தொலைபேசி எதைப் பழக்குகிறது? போனை உபயோகிக்க, என்பது கடைக்காரன் பதில். அந்தப் பதில் சரிதானா என்பதே இங்கே கேள்வி. பார்வைக்குத் தெரிகிற அளவுக்குச் சின்னக் கேள்வி அல்ல இது.

அமெரிக்காவில் ஃபிஷர்-ப்ரைஸ் கம்பெனி 1962-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘சாட்டர் டெலிபோன்’ இந்த வர்க்கத்தில் மிகப் பிரபலமானது. அடியில் சக்கரங்கள், இழுக்க ஒரு கயிறு, சிரித்த முகம், இழுத்தால் மேலும் கீழும் அசையும் கண்கள், சுற்றினால் மணியடிக்கும் டயல். குழந்தை டயல் சுற்றப் பழக வேண்டும் என்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. பிற்பாடு நடந்ததுதான் சுவாரசியம். டயல் போன் வீடுகளிலிருந்து மறைந்தது. 2000-ல் கம்பெனி காலத்தை அனுசரித்து டயலை எடுத்துவிட்டுப் பொத்தான்களை வைத்தது. வாங்குகிறவர்கள் ஆட்சேபித்தார்கள், டயல் திரும்பி வந்துவிட்டது. 2021-ல், அதே உருவத்தில், ப்ளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைந்து நிஜமாகவே பேச முடிகிற ஒன்றைப் பெரியவர்களுக்காகத் தயாரித்து விற்றார்கள். கற்றுக்கொடுக்க வேண்டியிருந்த திறமை செத்துப்போன பிறகும் கற்றுக்கொடுக்கும் பொம்மை உயிரோடிருக்கிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்தப் பொம்மை எதைக் கற்றுக்கொடுத்ததோ அது டயலில் இருக்கவில்லை.

அதே தேசத்தில் பெல் டெலிபோன் கம்பெனிகள் பள்ளிக்கூடங்களுக்கு ‘டெலிட்ரெயினர்’ என்ற சாதனத்தைக் கொடுத்துவந்தன. இரண்டு போன்கள், ஆசிரியர் கையில் அவற்றை இணைக்கும் ஒரு பெட்டி. மணி, டயல் ஒலி, ‘எங்கேஜ்டு’ ஒலி எல்லாவற்றையும் ஆசிரியரே உண்டாக்கலாம். பையன்கள் மாறிமாறிப் பேசி மரியாதையாகப் பேசப் பழகினார்கள். இது அப்பட்டமான பயிற்சி. இதில் மர்மம் ஒன்றுமில்லை. இரண்டு முனையிலும் ஆள் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் கையிலுள்ள பொம்மை வேறு ஜாதி.

நம் பக்கத்துக் கதையோ தலைகீழ். சென்னையில் 1882-லேயே எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது என்றாலும் நூறு வருஷம் கழிந்தும் போன் சராசரி வீட்டுக்குள் நுழையவில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்த பிறகுதான் திண்டுக்கல் மாதிரி ஊர்களில் சாதாரண ஜனங்களின் காதில் ரிசீவர் ஏறியது. பிளாஸ்டிக் தொலைபேசி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றிய கடைகளிலும் பழனி அடிவாரத்திலும் ஊதலோடும் கிலுகிலுப்பையோடும் சேர்ந்து அது தொங்கிக்கொண்டிருந்தது. நகல் முதலில் வந்தது, அசல் பின்னால் வந்தது. வீட்டில் இல்லாத ஒரு சாதனத்தை உபயோகிக்க அந்தக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனாலும் அவர்கள் மணிக்கணக்காக அதில் பேசினார்கள். அவர்கள் செய்தது என்ன?

2

ரோலான் பார்த் 1957-ல் வெளிவந்த ‘மிதாலஜீஸ்’ நூலில் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். பொம்மைகள் பெரியவர்கள் உலகத்தின் சுருக்கப் பதிப்பு என்பது அவர் குற்றச்சாட்டு. ராணுவம், தபாலாபீஸ், வைத்தியம் என்று சமூகம் தன் ஸ்தாபனங்களை முன்கூட்டியே குழந்தை கையில் திணித்துவிடுகிறது. யோசிக்கத் தொடங்குமுன்பே அவற்றை இயற்கை என்று ஏற்க வைத்துவிடுகிறது. குழந்தை சிருஷ்டி செய்கிறவனாக இல்லாமல் சாமானுக்குச் சொந்தக்காரனாகவும் உபயோகிப்பவனாகவும் ஆகிறது. பிளாஸ்டிக்கின் மேல் அவருக்கு வெறுப்பு, மரத்தின் மேல் பிரியம். நம் மரப்பாச்சியையும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானையும் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவருக்கு முன்பே, வேறு காரணங்களுக்காகப் பொம்மையிடம் நம்பிக்கை வைக்காத இருவர் உண்டு. இருவர் தடமும் நம் வட்டாரத்திலேயே கிடக்கிறது. மரியா மான்டிஸோரி 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் பார்த்த விஷயம்: விலை உயர்ந்த பொம்மைகள் பக்கத்திலிருக்க, குழந்தைகள் அவற்றைத் தொடாமல் நிஜ வேலையைத் தேடிப் போகின்றன. துடைப்பது, ஊற்றுவது, பொத்தான் போடுவது. 1939-ல் அடையாறுக்கு வந்த அந்த அம்மாள் யுத்தத்தின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை இருந்தது, இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கும் கொடைக்கானலில். இன்னொருவர் காந்தி. 1937-ல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில் குழந்தையின் கையில் கொடுக்கப்பட்டது தக்ளி. செளந்தரம் அம்மாளும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது அந்தக் கல்வியின் பார்வையும் கூடவே வந்தது. மான்டிஸோரியும் காந்தியும் 1931-ல் லண்டனில் சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் கருத்தொருமித்த விஷயங்களில் ஒன்று இது என்று கொள்ளலாம்: குழந்தையை ஏமாற்றாதே, நிஜத்தைக் கொடு.

இந்த வாதத்தின் நேர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குழந்தையைச் சின்ன மனுஷனாகக்கூட அல்ல, முழு மனுஷனாக மதிக்கிற வாதம் அது. ஆனால் தொலைபேசி விஷயத்தில் அது ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. துடைப்பத்துக்குத் தரை போதும். தக்ளிக்குப் பஞ்சு போதும். தொலைபேசிக்கு இன்னொரு மனுஷன் வேண்டும். பள்ளிக்கூட அலமாரியில் மற்றச் சாமான்களோடு அந்த மனுஷனையும் துடைத்து எடுத்துவைக்க முடியாது.

பார்த்துக்கும் இங்கேதான் பதில். பொம்மைக் கார் உண்மையில் ஓடுகிறது. சொப்புப் பானையில் மணல் சோறு நிறைகிறது. அவை அசலின் வேலையில் ஒரு பகுதியையாவது செய்கின்றன. பொம்மைத் தொலைபேசி தன் அசலின் வேலையில் ஒரு துளிகூடச் செய்வதில்லை. குரல் போவதுமில்லை, வருவதுமில்லை. பாதி சாமான்தான் கையில் இருக்கிறது. மிச்சப் பாதியைக் குழந்தை தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உபயோகிப்பவனாக மட்டும் இருந்து இந்தப் பொம்மையோடு ஒரு நிமிஷம்கூட விளையாட முடியாது.

விளையாடும்போது கவனித்துப் பார்க்க வேண்டும். இரண்டரை வயதுக் குழந்தை ரிசீவரைக் காதில் வைத்து “அலோ” என்கிறது. பிறகு நிறுத்துகிறது. “ம்” என்கிறது. மறுபடி நிறுத்துகிறது. “சாப்ட்டியா? என்ன கொளம்பு?” நிறுத்துகிறது, முகம் கொஞ்சம் மாறுகிறது, “சரி, வச்சிரவா?” இந்தச் சம்பாஷணையில் முக்கியமானவை வார்த்தைகள் அல்ல, இடைவெளிகள். பேசுவதற்கு எந்தக் குழந்தைக்கும் பொம்மை வேண்டாம். இன்னொருவர் பேசுவதற்காக வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டமான வித்தை. அந்த இன்னொருவர் கண்ணெதிரே இல்லாதபோது, இருக்கிறார் என்பதற்கு எந்த ருசுவும் இல்லாதபோது, அவருக்காகக் காத்திருப்பது இன்னும் கஷ்டம். பார்வையிலிருந்து மறைந்தவர் உலகத்திலிருந்து மறைந்துவிடவில்லை. அவர் இன்னும் எங்கோ இருக்கிறார், அவருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. எந்த ஒழுக்கத்துக்கும் அடிவாரத்தில் இந்த எண்ணம் இருந்தாக வேண்டும். கண்முன் இல்லாதவனுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்பது இதற்குப் பிறகுதான் வர முடியும்.

3

இதை டெலிபோன் கம்பெனிகள் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவான ஏழு பருவங்களில் கடைசி அம்புலி. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவது. சாம, பேத, தான, தண்டம் என்று நாலு உபாயங்களையும் கையாண்டு கூப்பிட வேண்டும். நீயும் இவனும் சமம் என்று இணங்கிப் பேசி, இல்லை இவன் உயர்ந்தவன் என்று பிரித்துப் பேசி, வந்தால் இன்னது தருவான் என்று ஆசை காட்டி, வராவிட்டால் கதி என்ன தெரியுமா என்று மிரட்டி. பிள்ளைத்தமிழ் பாடுகிறவனுக்கு அம்புலிதான் புலி என்று புலவர்கள் பயந்ததுண்டு. காரணம் சிலேடையின் சிரமம் என்று வாத்தியார்கள் சொல்வார்கள். எனக்கு வேறு காரணமும் தோன்றுகிறது. மற்றப் பருவங்களில் குழந்தை எதிரே இருக்கிறது. கை கொட்டுகிறது, முத்தம் தருகிறது, நடந்து வருகிறது. அம்புலியில் மட்டும் கவிஞன் பதிலே சொல்லாத ஒன்றோடு வாதாட வேண்டியிருக்கிறது. அடுத்த உபாயத்துக்குப் போகுமுன் முந்தியதற்குப் பதில் வரவில்லை என்ற மௌனத்தையும் அவனே எழுத வேண்டும்.

இது புலவர்கள் விவகாரம் மட்டும் அல்ல. மொட்டை மாடியில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்று நிலாவைக் காட்டிய எல்லாப் பெண்களும் அம்புலிப் பருவம் பாடியவர்கள்தான். கேளாதவற்றைக் கேட்பவைபோலவும் பேசாதவற்றைப் பேசுபவைபோலவும் சொல்லலாம் என்று நன்னூல் இலக்கண விதியாகவே அனுமதி தருகிறது. அகப்பாட்டுத் தலைவி நாரையிடமும் கடலிடமும் பேசுகிறாள். கிளியும் மேகமும் தூது போகின்றன. இருபது பிரதி விற்கும் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிற நமக்கும் இந்த மரபில் பாத்தியதை உண்டு.

ஃப்ராய்ட் 1920-ல் ‘இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்’ என்ற நூலில் தன் பேரனைப் பற்றி எழுதினார். ஒன்றரை வயது. அம்மா வெளியே போனால் அழுவதில்லை. நூல் கட்டிய மரக் கட்டையைத் திரை போட்ட கட்டிலுக்குள் எறிந்து மறையச் செய்து, போய்விட்டது என்று பொருள்படும் ஒரு நீண்ட ஒலியை எழுப்புகிறது. நூலை இழுத்துக் கட்டையை மீட்டு ‘இதோ’ என்கிறது. அம்மாவின் இன்மையைக் குழந்தை தன் கையால் நடத்திப் பார்க்கிறது என்பது ஃப்ராய்டின் விளக்கம். கயிறு கட்டிய தொலைபேசிப் பொம்மை அந்தக் கட்டையின் தம்பி என்று சொல்லலாம், ஒரு வித்தியாசத்தோடு. கட்டையை இழுத்தால் வந்துவிடும். தொலைபேசியில் கூப்பிட்ட ஆள் வருவதில்லை. திரும்ப வராத ஒருவரோடு உறவை நிலைநிறுத்திக்கொள்ளக் குழந்தை இங்கே பழகுகிறது. தகப்பன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் இந்தச் சமவெளியில் ஏராளம். அந்த வீட்டுக் குழந்தை பிளாஸ்டிக் போனில் பேசுவதைப் பார்த்து, தொலைபேசியை உபயோகிக்கப் பழகுகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தொலைபேசியில் சொல்லப்பட்ட முதல் வாக்கியமே அதுதான். 1876 மார்ச் 10-ந் தேதி கிரஹாம் பெல் பக்கத்து அறையிலிருந்த வாட்ஸனைக் கூப்பிட்டார்: இங்கே வா, உன்னைப் பார்க்க வேண்டும் என்று. தாயும் மனைவியும் காது கேளாதவர்கள், தானே காது கேளாதவர்களின் ஆசிரியர்; குரல் போய்ச் சேராத இடம் எது என்பது தெரிந்த மனிதர்.

4

இப்போது மூன்று பொம்மைகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது தீப்பெட்டி டெலிபோன். இரண்டு காலித் தீப்பெட்டிகள், நடுவில் ஓட்டை, உள்ளே ஈர்க்குச்சித் துண்டில் முடிந்த நூல். சின்னாளப்பட்டித் தறி வீடுகளில் அறுந்த நூலுக்குப் பஞ்சமில்லை. சிவகாசிப் பெட்டிக்கும் பஞ்சமில்லை. காசு கொடுத்து வாங்க முடியாத பொம்மை இது, யாரும் விற்பதில்லை. இது பொம்மைகூட அல்ல, உண்மையிலேயே தொலைபேசி. கம்பியில் ஒலி ஓடும் என்று ராபர்ட் ஹூக் பதினேழாம் நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்தது. நூல் விறைப்பாக இருந்தால் பெட்டியின் அதிர்வு மறுபெட்டிக்குப் போகும். தொய்ந்தால் போகாது, நடுவில் சுவரைத் தொட்டாலும் செத்துவிடும். அதாவது இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருக்கிற வரைதான் பேச்சு. ஒருவன் இன்னொருவனை நோக்கி நடந்துவிட்டால்கூட நூல் தளர்ந்து பேச்சு நின்றுபோகும். தூரத்தைக் காப்பாற்றினால்தான் பேச முடியும் என்ற விசித்திரமான பாடம் அதில் இருக்கிறது. இரண்டு பேருமே ஒரே சமயத்தில் பெட்டியை வாயில் வைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. முறை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மௌனமான பிளாஸ்டிக் போன். இதைப் பற்றிச் சொல்லியாயிற்று.

மூன்றாவது பாட்டரி போட்டது. பொத்தானை அழுத்தினால் மணியடிக்கிறது. எடுத்தால் அமெரிக்க உச்சரிப்பில் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்கிறது, எண்ணுகிறது, பாட்டுப் பாடுகிறது. கடைக்காரன் இதைத்தான் அதிகக் கல்வி உள்ளதாகச் சொல்லி அதிக விலைக்கு விற்கிறான். மாடல் முன்னேறிவிட்டது என்று வாங்குகிறவனும் நினைக்கிறான். குழந்தை எதை இழந்தது என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அது நிறுத்துவதில்லை. காத்திருப்பதில்லை. அழுத்துகிறது, கேட்கிறது, அழுத்துகிறது. தாத்தா, அத்தை, பக்கத்து வீட்டு நாய் எல்லோரும் இருந்த மறுமுனையில் இப்போது ஒரே ஒரு அம்மாள் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் எண்ணிக்கொண்டேயிருக்கிறாள்.

பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் ஸாக்ரடீஸ் எழுத்தின் மீது வைக்கிற குறை இதுவே. எழுதப்பட்ட வார்த்தை உயிருள்ளதுபோல நிற்கிறது. கேள்வி கேட்டால் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறது. ஸாக்ரடீஸின் குறையை எழுத்து பெருமளவு வென்றுவிட்டது என்றே நினைக்கிறேன். காரணம், எழுத்து மௌனமாக இருக்கிறது. வாசகன் தன் குரலை அதற்குக் கொடுக்கிறான். பாட்டரிப் போன் வாசகனுக்கு வேலையில்லாமல் செய்துவிட்ட புத்தகம்.

காஃப்காவின் ‘கோட்டை’ நாவலில் கே. விடுதித் தொலைபேசியை எடுக்கும்போது, எண்ணற்ற குழந்தைக் குரல்கள் தூரத்தில் கலந்ததுபோன்ற ஒரு ரீங்காரம் கேட்கிறது. பிறகு கிராமத் தலைவர் விளக்குகிறார்: அந்த ரீங்காரம் ஒன்றுதான் நம்பத் தகுந்தது, மற்றபடி கோட்டையிலிருந்து கிடைக்கும் பதில்கள் எல்லாம் களைத்துப்போன அதிகாரிகள் பொழுதுபோக்குக்காகச் சொல்லும் வேடிக்கை. பதில் கிடைத்துவிட்டதே என்று நம்பியதில்தான் கே.யின் துயரம். காஃப்கா 1924-ல் இறந்தவர். பொத்தான் எண் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று சொல்லும் குரலோடு மல்லாடிவிட்டு, மனுஷனைத் தேடி கவுண்டருக்கு வந்து நிற்கிறவர்களைத் தினம் பார்க்கிற எனக்கு அந்த அத்தியாயம் யதார்த்தவாத எழுத்தாகவே படுகிறது.

5

ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, பலமானது. மறுமுனையில் யாருமே இல்லாதபோது இருப்பதாகப் பேசப் பழக்குவது பொய் சொல்லிப் பழக்குவதுதானே? காலிக் கருவியை நம்பக் கற்ற குழந்தை, பெரியவனானதும் எந்தக் குரலையும் நம்பிவிடாதா?

இதற்கு விடை காண, எல்லோர் வீட்டிலும் நடக்கிற இன்னொரு தொலைபேசி விளையாட்டைப் பார்க்க வேண்டும். குழந்தை சாப்பிட மறுக்கிறது. அம்மாவோ பாட்டியோ போனைக் காதில் வைத்துக்கொண்டு சொல்கிறாள்: “போலீஸ் மாமாவா? இங்க ஒருத்தன் சாப்பிட மாட்டேங்கறான். வர்றீங்களா? ஜீப்ப எடுத்துட்டு வாங்க.” கையிலிருப்பது நிஜப் போன், ஆனால் மறுமுனையில் யாரும் இல்லை. குழந்தையின் பொம்மைப் போனிலும் யாரும் இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே செய்கை, ஒரே ‘அலோ’, ஒரே இடைவெளிகள். ஆனால் ஒன்று விளையாட்டு, மற்றது பொய். வித்தியாசம் எங்கே?

வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மனநோய் மருத்துவர், குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் துணி, கரடிப் பொம்மை இவற்றைப் பற்றி எழுதும்போது ஒரு நுட்பமான விஷயத்தைச் சொன்னார். இதை நீயே உண்டாக்கினாயா அல்லது வெளியிலிருந்து உனக்குக் கிடைத்ததா என்ற கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதில்லை என்று பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. பொம்மைப் போனில் பேசும் குழந்தையிடம் “யார்ட்ட பேசுற?” என்றால் “தாத்தாட்ட” என்கிறது. “சரி, தாத்தாவை இங்க வரச் சொல்லு, காப்பி ஆறுது” என்றால் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் உண்டு. தாத்தா அங்கே இருக்கிறார், இல்லை, இரண்டும் அதற்குத் தெரியும். மறுமுனையை நிரப்பியது தான்தான் என்றும் தெரியும். நம்பிக்கையும் சந்தேகமும் ஒரே நேரத்தில் ஒரே கையில் இருக்கின்றன. அதே ரிசீவரைக் குழந்தை நம்மிடம் நீட்டும்போது நாமும் வாங்கிப் பேசுகிறோம். இருவரும் சேர்ந்து ஒரு காலி இடத்தை நிரப்புகிறோம்.

போலீஸ் மாமா விஷயத்தில் ஒப்பந்தம் இல்லை. மறுமுனை காலி என்று ஒருவருக்கு மட்டும் தெரியும். அந்த ஞானத்தை அவர் இன்னொருவரை அடக்கப் பயன்படுத்துகிறார். இல்லாத ஆளை உண்டாக்குவது இரண்டிலும் உண்டு. அதனால் எது பொய் என்பதை அதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. மறுமுனையின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாகல்நகர் பூட்டுப் பட்டறைகளின் ஊரில் வசிப்பவனுக்கு இந்த உவமை சுலபமாக வருகிறது.

இது சாப்பாட்டுத் தட்டோடு முடிகிற விஷயமானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற பெயர் இன்று எல்லோருக்கும் தெரியும். போலீஸ் என்றோ சி.பி.ஐ. என்றோ சொல்லிக்கொண்டு வீடியோவில் ஒருவன் கூப்பிடுகிறான். சீருடை, பின்னால் காவல் நிலையம் மாதிரி ஜோடனை. உன் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, உன் கணக்கில் கறுப்புப் பணம் ஓடியிருக்கிறது, போனை வைக்காதே, யாரிடமும் பேசாதே, நீ கைதாகியிருக்கிறாய் என்கிறான். இப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே வானொலியில் எச்சரிக்க வேண்டி வந்தது. 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யச் சொல்லி அரசாங்கம் விளம்பரம் செய்கிறது. இருந்தும் ஜனங்கள் விழுகிறார்கள். படிக்காதவர்களைவிட, ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வாத்தியார்களும் டாக்டர்களும்.

வைப்புத் தொகையை முறிக்க வந்த ஒரு பெரியவர் ஒருமுறை என் கவுண்டருக்கு முன்னால் நின்றார். சட்டைப் பையில் போன், இணைப்பு துண்டிக்கப்படாமல். “இவ்வளவு தொகை யாருக்கு அனுப்புறீங்க ஐயா?” என்றேன். பதில் சொல்லாமல் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மேனேஜர் அறைக்குள் அழைத்துப் போய் போனை வாங்கி அணைத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி அடிக்கும் என்ற பயத்தைவிட, தான் சொல்லாமல் வைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சிதான் அந்த முகத்தில் இருந்ததாக எனக்குப் பட்டது. முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, கையெழுத்துக்கு மதிப்புள்ளவராக வாழ்ந்த மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு குரலும் ஒரு காக்கிச் சட்டையும் போதுமானதாக இருந்தன. அந்த யுக்தி புதிதல்ல. ஜீப்பை எடுத்துக்கொண்டு வரச்சொல்லிப் பாட்டி செய்த அதே தொலைபேசி அழைப்புத்தான். அப்போது சாப்பிட்டால் விட்டுவிடுவார்கள். இப்போது பணம் அனுப்பினால் விட்டுவிடுவார்கள்.

எல்லா மோசடிக்கும் பாட்டிகள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மோசடிக்குக் காரணம் மோசடிக்காரன். பேராசை, நீதிமன்றத்தையும் காவல் நிலையத்தையும் பற்றிய நியாயமான பயம் எல்லாம் அவனுக்கு உதவுகின்றன. ஆனால் காலி மறுமுனையைத் தானே நிரப்பிப் பார்த்து, காலி என்று தெரிந்துகொண்டே சிரித்த பழக்கம் ஒருவனிடம் மிச்சமிருந்தால், ‘அந்தப் பக்கம் நிஜமாகவே யார்?’ என்ற கேள்வி அவனுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஆட்சேபத்துக்கு என் பதில் இதுதான். மௌனமான பொம்மை ஏமாளித்தனத்தைப் பழக்குவதில்லை. குரல் என்பது ஒன்று, குரலுக்குப் பின்னாலிருக்கிற ஆள் என்பது வேறொன்று, இரண்டையும் இணைப்பது தன் மனம் செய்யும் வேலை என்பதை அது பழக்குகிறது. தானே பேசும் பொம்மை அந்த வேலையை மறைத்துவிடுகிறது. குரல் வந்தால் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

6

மூன்று பொம்மைகள் என்றேன். நாலாவதும் வந்துவிட்டது. 2015-ல் மாட்டெல் கம்பெனி ‘ஹலோ பார்பி’ என்ற பொம்மையை வெளியிட்டது. குழந்தை பேசுவதை இணையம் வழியாக எங்கோ உள்ள கணிப்பொறிக்கு அனுப்பி, தகுந்த பதிலைத் தேர்ந்தெடுத்துத் திருப்பிச் சொல்லும். ‘என் தோழி கெய்லா’ என்ற அதே மாதிரிப் பொம்மையை 2017-ல் ஜெர்மன் அரசாங்கம் ஒளித்துவைத்த ஒட்டுக்கேட்கும் கருவி என்று சொல்லித் தடை செய்தது. பெற்றோர் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்றது. அதற்குப் பிறகு பேசும் இயந்திரங்கள் வெகுதூரம் போய்விட்டன. இன்று எந்தக் கேள்விக்கும் தயங்காமல், சலிக்காமல், குழந்தையின் பெயரைச் சொல்லியே பதில் தரும் குரலைப் பொம்மைக்குள் வைக்க முடிகிறது.

இதில் மறுமுனை காலியாகவும் இல்லை, நிரம்பியும் இல்லை. அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேசுவது அவர்கள் இல்லை. பேசுவது எதுவோ அது கேட்பதில்லை, பதிவு செய்கிறது. தீப்பெட்டிப் போனில் மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் போனில் மறுமுனை குழந்தையின் சொத்தாக இருந்தது. பாட்டரிப் போனில் ஒரு அசட்டு அம்மாளிடம் போனது. அவளால் பெரிய ஆபத்தில்லை, மூன்று நாளில் குழந்தைக்கே சலித்துவிடும். நாலாவதில் சலிப்பே வராது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் தொழில். போலீஸ் மாமா விளையாட்டில் மறுமுனை யார் கையில் இருக்கிறதோ அவர் குறைந்தபட்சம் குழந்தை ஒரு பிடி சோறு சாப்பிட வேண்டும் என்று நினைத்தார். இங்கே சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் குழந்தை யாரென்றே தெரியாது. அது என்ன சொன்னது என்பது மட்டும் தெரியும்.

சோறூட்டும் நேரத்தில் நிலா இருந்த இடத்தில் இன்று கைபேசி இருக்கிறது. அம்மாக்களைத் திட்டுவது வாரப் பத்திரிகைகளின் வேலை, அது நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு ஷிப்ட் மில் வேலைக்குப் போய் வந்து, தனியாகக் குழந்தையை வளர்க்கிற பெண்ணிடம் போய் அம்புலிப் பருவம் பாடச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம். நிலா வந்ததே இல்லை. நூற்றாண்டுகளாக நாலு உபாயமும் செய்து கூப்பிட்டும் அது வரவில்லை. வராத நிலாவைக் கூப்பிட்டுக்கொண்டே வளர்ந்த குழந்தைகளுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. கூப்பிடும் குரல் அவர்களிடம் தங்கியது. கைபேசி கூப்பிடுமுன்பே வந்துவிடுகிறது. கூப்பிட வேண்டிய தேவையே அற்றுப்போன இடத்தில் ‘வா’ என்ற சொல்லைக் குழந்தை எங்கிருந்து கற்கும்?

ஆகவே எந்தப் பொம்மையை வாங்குவது என்று கேட்டால், பாட்டரி போடும் இடம் இல்லாததை வாங்கலாம். வாங்காமலும் இருக்கலாம், குழந்தை வாழைப்பழத்தைக் காதில் வைத்துப் பேசிக்கொள்ளும், ஒன்றும் வைக்காமல் வெறும் உள்ளங்கையை வைத்தும் பேசும். பெரியவர்கள் செய்ய வேண்டியது அதைவிடக் கடினம். ரிசீவர் நம்மிடம் நீட்டப்படும்போது வேலையை நிறுத்திவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மறுமுனையில் யார் என்று குழந்தை சொல்லாதவரை அந்த இடத்தில் நாமாக யாரையும், முக்கியமாகப் போலீஸ்காரரை, உட்கார வைக்கக் கூடாது. பேசிவிட்டுக் கொஞ்சம் நிறுத்த வேண்டும், பதில் வரும் அளவுக்கு.